முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவே

என்னிடம் பாட்டியின் படங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் ஒரே ஆண்டில், சில மாத இடைவெளியில் எடுத்தவை. ஒன்று, குடும்ப ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டுவதற்காகக் கடைத்தெரு ஸ்டுடியோவில் எடுத்தது. இன்னொன்றை நான் எடுத்தேன். பாட்டி திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் கையில் இரவல் கேமரா, அதில் 35 மி.மீ. லென்ஸ். முகம் சட்டத்தை நிறைக்கும்வரை கிட்டே போய் ஷட்டரை அழுத்தினேன். பிரிண்ட் வந்ததும் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "எனக்கு மூக்கு இப்படியாடா இருக்கு?" என்று கேட்டாள். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்டுடியோ படத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து, "இதுதான் நான்" என்றாள்.

அகலக் கோண லென்ஸ் முகத்தைக் கெடுக்கும் என்பது போட்டோ எடுக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லித் தரப்படும் பாடம். 85, 105, 135 மி.மீ. லென்ஸ்களை 'போர்ட்ரெய்ட் லென்ஸ்' என்றுதான் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். ஆனால் பாட்டியின் மூக்கைப் பெரிதாக்கியதில் என் லென்ஸின் கண்ணாடிக்குப் பங்கே இல்லை. நான் நின்ற இடம் செய்த வேலை அது. அதே இடத்தில் நின்று 85 மி.மீ. லென்ஸில் எடுத்திருந்தாலும் மூக்கும் கன்னமும் அதே விகிதத்தில்தான் பதிந்திருக்கும். காதும் நெற்றியும் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. அதே 35 மி.மீ. லென்ஸோடு எட்டடி பின்னால் போய் எடுத்து, நெகட்டிவில் முகம் இருக்கும் சிறு மூலையை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டிருந்தால் ஸ்டுடியோ படத்தின் மூக்கே எனக்கும் கிடைத்திருக்கும். பிலிமின் துகள்கள் (கிரெய்ன்) மட்டும் மணல்போலத் தெரிந்திருக்கும்.

எளிய வகுத்தல் கணக்கில் இதைச் சரிபார்த்துவிடலாம். மூக்கு நுனியிலிருந்து காது வரை முன்பின்னாக 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் பிம்பம் சிறுக்கும். இரண்டு மடங்கு தூரம் என்றால் பாதி அளவு. நான் பாட்டியின் மூக்கிலிருந்து அரை மீட்டரில் இருந்தேன். அப்படியானால் காது 62 செ.மீ. தள்ளி இருந்தது. 62-ஐ 50-ஆல் வகுத்தால் 1.24. அதாவது, காதோடு ஒப்பிட்டால் மூக்கு 24 விழுக்காடு பெருத்துப் பதிந்தது. ஸ்டுடியோக்காரர் எட்டடி, அதாவது 240 செ.மீ. தள்ளி நின்றிருந்தால்? 252-ஐ 240-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.05. ஐந்தே விழுக்காடு. கைப்பேசியை 30 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தன்னைத்தானே எடுத்துக்கொள்பவருக்கு இந்த எண் 1.4. ஒன்றரை மீட்டருக்கு 1.08. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று வகுத்தால் ஏறத்தாழ 1.3 வரும்.

2018-இல் அமெரிக்காவின் முக அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இதே கணக்கைத் தங்கள் முறையில் போட்டு வெளியிட்டார்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அறுத்துச் சிறிதாக்குங்கள் என்று கேட்டு வருபவர்கள் பெருகியதுதான் அவர்களை அதற்குத் தூண்டியது. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அவர்கள் கண்டார்கள். கத்தி வைக்க வேண்டிய இடம் முகம் இல்லை என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது.

தோற்றத்தோடு இது நிற்கவில்லை. 2012-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பியெத்ரோ பெரோனா, ரால்ஃப் அடால்ஃப்ஸ் ஆகியோர் அடங்கிய குழு, ஒரே ஆட்களை 45 செ.மீ. தூரத்திலும் 135 செ.மீ. தூரத்திலும் படமெடுத்தது. இரண்டு படத்திலும் முகத்தின் அளவைச் சமமாக்கி, அவர்களை அறியாதவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டது. கிட்டே இருந்து எடுத்த படத்தில் இருந்தவர்களை நம்பகம் குறைந்தவர்களாகவும் திறமை குறைந்தவர்களாகவும் மதிப்பிட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் அதே ஆட்கள்தான். மாறியது 90 செ.மீ. மட்டும்.

நாம் ஒருவரோடு நின்று பேசும்போது நடுவே விடும் இடம் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் வரை இருக்கும். மனிதர்களின் முகங்களை அந்தத் தூரத்திலிருந்து பார்த்துத்தான் மனத்தில் பதித்துவைத்திருக்கிறோம். அரை மீட்டரில் நெருங்கிப் பார்ப்பது குழந்தையை, துணையை, அல்லது சண்டைக்கு வந்தவரை. பாட்டி ஸ்டுடியோ படத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மறுபக்கத்திலும் எல்லை உண்டு. மூன்று மீட்டரில் நம் எண் 1.04, பத்து மீட்டரில் 1.01. அதற்குமேல் முகம் நாணயத்தில் பொறித்ததுபோலத் தட்டையாகிவிடும், கன்னமும் காதும் அகன்று தெரியும். மைதானத்தின் மறுகோடியிலிருந்து பெரிய லென்ஸில் பிடித்த முகங்களில் ஒட்டுதல் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, முதலில் தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை என்பது என் கட்சி. அது முடிவானதும் லென்ஸ் தானாக வந்து நிற்கும். தலையும் தோளும் சேர்ந்து 60 செ.மீ. உயரம் படத்தில் வேண்டும் என்றால், பிலிம் சட்டத்தின் உயரத்தை 60 செ.மீ.ஆல் வகுத்துத் தூரத்தால் பெருக்குங்கள். 35 மி.மீ. பிலிமில் சட்டம் 24-க்கு 36 மி.மீ.; கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் உயரம் 36. ஒன்றரை மீட்டருக்குக் கிடைக்கும் விடை 90 மி.மீ. இரண்டு மீட்டருக்கு 120. கடைக்காரர் எடுத்துக் காட்டும் 85, 105, 135 ஆகிய எண்கள் இங்கிருந்துதான் பிறந்தன. முகத்தை அழகாக்கும் மருந்து எதுவும் அந்தக் கண்ணாடியில் இல்லை. முகம் அழகாகத் தெரியும் இடத்தில் அவை உங்களை நிறுத்துகின்றன. 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்து உலகமெங்கும் போன அந்தப் பச்சைக்கண் ஆப்கன் சிறுமியின் படம், நிக்கான் எஃப்எம்2 கேமராவில் 105 மி.மீ., எஃப் 2.5 லென்ஸால் எடுத்தது.

தூரம் சரி, லென்ஸின் குவியத் தூரமும் (அந்த மி.மீ. எண்) சரி. ஆனால் கேமரா பிறந்த புதிதில் இரண்டையும் வைத்துக்கொண்டும் முகத்தைப் பிடிக்க முடியவில்லை, வெளிச்சம் போதாமல்.

1839-இல் பாரிஸில் டாகேர் என்பவர் படம் பிடிக்கும் தன் முறையை அறிவித்தபோது அவருடைய கேமராவில் இருந்தது ஷார்ல் ஷெவாலியே செய்த லென்ஸ். நிலக்காட்சிக்கு நல்லது. ஆனால் அதன் ஓரங்களில் பிம்பம் கலங்காமல் இருக்க வேண்டுமானால் துவாரத்தை ஏறத்தாழ எஃப் 15 அளவுக்குச் சுருக்க வேண்டும் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்). வெயிலில் உட்கார்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்தார்கள். கட்டடம் அசையாது, மனிதர் அசைவார். அதனால் டாகேரின் முறைக்கு முதலில் கிடைத்த நல்ல படங்கள் கட்டடங்களும் சிலைகளுமாக இருந்தன.

வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் யோசெஃப் பெட்ஸ்வால். லென்ஸ் செய்பவர்கள் அதுவரை தேய்த்துப் பார்த்து, பொருத்திப் பார்த்து, தவறைத் திருத்திக்கொண்டே போவார்கள். அவர் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே ஒளிக்கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எப்படி வளையும் என்று தாளில் கணக்கிட்டார். கணக்கு மலைபோல் இருந்தது. ஆஸ்திரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த லூட்விக் கோமகன், பீரங்கிப் படையில் கணக்கில் தேர்ந்த சிப்பாய்களை அவருக்கு உதவியாக அனுப்பினார். குண்டு எங்கே விழும் என்று கணக்கிடப் பழகியவர்கள், ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள். போட்டோ லென்ஸ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

1840-இல் கிடைத்த விடை நான்கு கண்ணாடித் துண்டுகள் கொண்ட லென்ஸ். அதன் துவாரம் எஃப் 3.6. பழைய லென்ஸின் 15-ஐ 3.6-ஆல் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் 17 வரும். அத்தனை மடங்கு வெளிச்சம். நிமிடங்கள் நொடிகளாயின. ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம் அந்த லென்ஸைப் பித்தளைக் குழலில் பொருத்தி, முழுதும் உலோகத்தால் ஆன ஒரு கேமராவும் செய்தது. அது தந்தது ஏறத்தாழ 9 செ.மீ. விட்டமுள்ள வட்டப் படம். உலகின் பல நகரங்களில் முகம் எடுக்கும் ஸ்டுடியோக்கள் கடை விரித்தது இந்த லென்ஸை நம்பித்தான்.

பெட்ஸ்வாலின் லென்ஸ் நடுவில் கூர்மையானது. ஓரம் போகப் போக அதன் குவிதளம் கிண்ணம்போல வளைந்துவிடும். தட்டையான தகட்டில் ஓரங்கள் கலங்கிவிழும். பின்னால் மரம் இருந்தால் இலைகள் முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோலத் தெரியும். நிலவரைபடத்தை நகலெடுக்க இது உதவாது. முகத்துக்கோ இது போதும். பார்ப்பவர் கண் போக வேண்டிய இடம் நடு, நடுவில் கூர்மை இருக்கிறது. 2013-இல் லோமோகிராஃபி நிறுவனம் இதே வடிவத்தில் 85 மி.மீ. லென்ஸைப் புதிதாகச் செய்து விற்றது. 170 ஆண்டுக்கு முந்தைய குறையை மக்கள் விரும்பிக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அந்தக் கலங்கலைத் தெரிந்தே கையாண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு இங்கிலாந்தின் வைட் தீவில் தொடங்கினார். பெரிய கண்ணாடித் தகடு, முழுதும் திறந்த துவாரம், நிமிடக் கணக்கில் நீளும் வெளிச்சமேற்றல். கண்ணில் கூர்மை நின்றால் மயிரில் நிற்காது. சில நேரம் எங்குமே நிற்காது. அன்றைய விமர்சகர்கள் அதைக் கைத்திறன் குறைவு என்றார்கள். 1867-இல் அவர் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தில், கலைந்த நரைமயிரும் ஈரம் மின்னும் கண்ணும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. 1875-இல் அவர் கணவரோடு இலங்கைக்குக் குடியேறினார். களுத்துறையில் அவர் கேமரா முன் நின்றவர்களில் தோட்டத்தில் உழைத்த தமிழர்களும் உண்டு. அந்தக் காலத்துப் படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஹெர்ஷலுக்குப் பெயர் இருக்கிறது, தோட்டத் தொழிலாளிக்கு அவர் படத்தின் கீழ் பெயர் இல்லை. லென்ஸ் இருவர் முகத்தையும் ஒரே அக்கறையோடு வாங்கியது, எழுதியவர்கள் வாங்கவில்லை. 1879-இல் இறந்த கேமரன் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

துவாரம் பெரிதானால் வெளிச்சம் கூடும், கூர்மை நிற்கும் ஆழம் குறையும். இதையும் எண்ணிலேயே பார்ப்போம். 85 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர், எஃப் 1.8. இந்த நிலையில் கூர்மையாகத் தெரியும் பகுதியின் மொத்த ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. கண்ணில் குவித்தால் முன்னால் ஒன்றரை, பின்னால் ஒன்றரை. மூக்கு நுனி அதைத் தாண்டி நீண்டிருக்கிறது, அது கலங்கும். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாக இருக்கும், மற்றது நழுவிவிடும். உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடும்போது முன்னும் பின்னும் ஆடுவதே ஒரு சென்டிமீட்டர் வரும். அதே இடத்தில் எஃப் 4 வைத்தால் 7 செ.மீ.; எஃப் 5.6 என்றால் 10 செ.மீ. மூக்கு நுனி முதல் காதை நெருங்கும்வரை எல்லாம் தெளிவாகிவிடும்.

எஃப் 1.2, எஃப் 1.4 லென்ஸ்களுக்காக மூன்று மடங்கு விலை கொடுக்கத் துடிக்கும் இளைஞர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அவ்வளவு பெரிய துவாரம் இருட்டில் உதவும். முகத்துக்கு அது பெரும்பாலும் வேண்டியதே இல்லை. லண்டன் 'அப்சர்வர்' செய்தித்தாளுக்குப் பல பத்தாண்டுகள் முகங்களை எடுத்த ஜேன் பௌன், பிற்காலத்தில் பயன்படுத்தியது கைக்கடக்கமான ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவும் 85 மி.மீ. லென்ஸும். விளக்கு எடுத்துப் போக மாட்டார். ஜன்னல் வெளிச்சம் போதும். எஃப் 2.8, நொடியில் 60-இல் ஒரு பங்கு என்பது அவர் வழக்கமாக வைக்கும் அளவு. 1976-இல் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டை லண்டன் நாடக அரங்கு ஒன்றின் வெளியே இருந்த சந்தில் நிறுத்தி அவர் எடுத்த படத்தில் முகச் சுருக்கங்களின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். ஜன்னலைத் தேடும் கண்ணுக்கு எஃப் 2.8 போதும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

அடுத்து பிலிமின் அளவு. லென்ஸைவிட இதுதான் படத்தின் குணத்தை மாற்றும் என்பது என் அனுபவம். 35 மி.மீ. சட்டத்தின் பரப்போடு ஒப்பிட்டால், 120 என்ற நடுத்தர அளவு ரோலில் விழும் 56 மி.மீ. சதுரத்தின் பரப்பு 3.6 மடங்கு. எட்டுக்குப் பத்து அங்குலத் தாள் பிலிமின் பரப்பு 60 மடங்கு. ஒரே அளவு பிரிண்டுக்கு, பெரிய நெகட்டிவைக் குறைவாகப் பெருக்கினால் போதும். கன்னத்தின் வளைவில் வெளிச்சம் மெல்ல மெல்ல இருளாகும் இடத்தைக் கிரெய்ன் குறுக்கிட்டு வெட்டாது. பழைய ஸ்டுடியோக்கள் பெரிய நெகட்டிவை விரும்பியதற்கு இன்னொரு காரணம் பென்சில். டச்சப் செய்பவர் நெகட்டிவைக் கண்ணாடிமேசையில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் காட்டி, கூர்சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணடிக் கருமையையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார். தபால்தலை அளவு நெகட்டிவில் அந்த வேலை நடக்காது.

பெரிய பிலிம் கேட்கும் விலை, ஆழம். ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், இறைச்சி வெட்டுபவர் என 752 பேரை எடுத்தார். டியர்டார்ஃப் மரக் கேமரா, எட்டுக்குப் பத்துத் தாள், பின்னால் வெள்ளைக் காகிதம், கட்டட நிழல். அவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கவில்லை. லென்ஸுக்குப் பக்கத்தில், எதிரில் இருப்பவரிடமிருந்து ஏறத்தாழ நான்கடி தள்ளி நின்று அவரை நேராகப் பார்த்துக்கொண்டே எடுத்தார். அந்தத் தூரத்தில் 360 மி.மீ. லென்ஸை வைத்துக் கணக்கிட்டால், எஃப் 22-இல்கூடக் கூர்மையின் ஆழம் 7 செ.மீ.தான். 35 மி.மீ. கேமராவில் எஃப் 4 கொடுத்த அதே 7. நிற்பவர் அரை அடி முன்னால் சாய்ந்தால் படம் போயிற்று. ஆகவே அவர்கள் அசையாமல் நின்றார்கள். அந்த அசையாமைதான் அந்த முகங்களில் நாம் பார்க்கும் கனம்.

நடுத்தர பிலிமுக்கு வந்தால், எனக்கு நெருக்கமானது மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929-இல் பிறந்த ரோலைஃப்ளெக்ஸ் இதன் மூத்தது. யாஷிகா மேட் அதன் எளிய தம்பி. இதில் லென்ஸ் மாற்ற முடியாது. 75 அல்லது 80 மி.மீ., அதுவும் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் குவியாது. குறை என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள்: ஒரு மீட்டரில் அது பிடிக்கும் சதுரம் முக்கால் மீட்டர். தலை முதல் மார்பு வரை, மடியில் வைத்த கைவரை வந்துவிடும். மூக்கைப் பெருக்கும் தூரத்துக்குள் போகவே அந்தக் கேமரா உங்களை விடாது. அதோடு எடுப்பவர் தலையைக் குனிந்து தேய்த்த கண்ணாடித் திரையைப் பார்ப்பதால், எதிரில் இருப்பவருக்கு யாரோ தன்னைக் குறிபார்ப்பது போன்ற உறுத்தல் இல்லை. கேமரா மார்பு உயரத்தில் இருப்பதால் உட்கார்ந்தவரின் கண்ணோடு அது சமமாக இருக்கும். கூச்சப்படும் பெரியவர்களை எடுக்க இதைவிட நல்ல கருவியை நான் பயன்படுத்தியதில்லை. இறுக்கமாக முகம் மட்டும் வேண்டும் என்பவர்கள் லென்ஸ் மாற்றக்கூடிய மாமியா சி330 அல்லது 150 மி.மீ. லென்ஸோடு ஹாசல்பிளாடைத் தேடலாம். மாமியா ஆர்பி67 அருமையான கேமராதான். ஆனால் லென்ஸோடு இரண்டரை கிலோவுக்கு மேல் எடை, முக்காலி இல்லாமல் முடியாது. வீட்டிலேயே ஒரு மூலையை ஸ்டுடியோ ஆக்கிக்கொள்பவருக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

மென்மை லென்ஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1930-களில் ரோடென்ஸ்டாக் செய்த இமாகன், லைக்கா செய்த 90 மி.மீ. தம்பார் ஆகியவற்றில், ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் சேராத பிழையை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். கூர்மையான பிம்பத்தின் மேல் மெல்லிய ஒளிப்படலம் படியும், சுருக்கம் கரையும். இன்று அவை சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டன. நைலான் துணியை லென்ஸின் முன் இழுத்துக் கட்டிய ஸ்டுடியோக்காரர்கள் அதற்கு நெருங்கிய பலனைச் சில பைசாவில் பெற்றார்கள்.

பிலிம் எது? இங்கே நம் தோலின் நிறம் பேச்சில் வந்தே ஆக வேண்டும். தொடக்க காலத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே தெரியும். சிவப்பு அவற்றுக்கு இருட்டு. பழுப்புத் தோல் அனுப்பும் ஒளியில் சிவப்புப் பங்குதான் அதிகம். ஆக அந்தத் தகடுகளில் மாநிறத்தவர் கறுப்பாகவும், உதடு மை பூசியதுபோலவும் விழுந்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் படத்தைப் பார்த்து அவர் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். 1873-இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையையும் பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். எல்லா நிறமும் தெரியும் பிலிம் அந்த வழியில் வந்தது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் செய்த கறுப்பு வெள்ளை ரோல் நம் ஊர் ஸ்டுடியோக்களில் புழங்கிய காலம் உண்டு. இன்று கிடைப்பவற்றில் கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் ட்ரை-எக்ஸ், வண்ணத்துக்கு 1998-இல் வந்த கோடாக் போர்ட்ரா வரிசை. எதை எடுத்தாலும் தவறு இல்லை.

தவறு நேர்வது ஒளி அளப்பதில். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரில் இருப்பதெல்லாம் நடுச்சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வெயில் விழும் சுவரோரம் நின்றால், சட்டத்தில் பாதிக்குமேல் வெள்ளை. மீட்டர் ஒளியைக் குறைக்கச் சொல்லும். முகம் நிழலில் மூழ்கிவிடும். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையின் முகம் இருண்டு போனதற்கு அவர் தோல் காரணமாக இருந்ததில்லை. முகத்தருகே போய் முகத்தை மட்டும் அளந்துகொண்டு, பின்வாங்கி வந்து எடுங்கள். நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. 400 பிலிமை 200 என்று வைத்து எடுத்தால் நம் தோலின் நிழல்களில் விவரம் நிற்கும்.

இனிப் பழைய கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு. நம் கடலோர ஈரத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. துவாரத்தை முழுதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, வலைபோல நூலிழை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பேரம் வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஷட்டரை ஒரு நொடியிலும் அரை நொடியிலும் ஓட்டிக் காதால் கேளுங்கள், மெதுவான வேகங்கள்தான் முதலில் சிக்கிக்கொள்ளும். பின்கதவின் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பஞ்சு விரலில் ஒட்டினால் மாற்ற வேண்டும். ஓஎம்-1 போன்ற 1970-களின் கேமராக்கள் இப்போது கிடைக்காத 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்தவை, 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். பெண்டாக்ஸ் கே1000-இல் இந்தச் சிக்கல் இல்லை. முதல் கேமரா என்று கேட்பவர்களுக்கு அதையும், கூட ஒரு பழைய 85, 105 அல்லது 135 மி.மீ. லென்ஸையும் சொல்கிறேன். மூன்றில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அது.

முதல் ரோலை இதற்கென்று ஒதுக்குங்கள். வீட்டில் பொறுமையாக உட்காரக்கூடிய ஒருவரை, அம்மாவையோ தாத்தாவையோ, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். கேமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் போதும். தரையில் சாக்பீஸால் அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டரை, நான்கு என்று கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ஒரே உயரத்தில் இரண்டு இரண்டு படம் எடுங்கள். ரோலைக் கழுவி, ஐந்திலும் முகம் ஒரே அளவில் வருமாறு பிரிண்ட் போட்டு வரிசையாக மேசையில் வையுங்கள். எது நீங்கள் என்று உட்கார்ந்தவரையே கேளுங்கள். அவர் தொட்டுக் காட்டும் படம் எந்தக் கோட்டில் எடுத்தது என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு லென்ஸ் வாங்கப் புறப்படுங்கள்.